நிறை குறைந்தால் போதுமா?

எமது குடாநாட்டின் எந்த வைத்தியசாலையில் கிளினிக் நாளன்று போய் நின்றாலும், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வைத்தியர் சொல்லும் ஓர் அறிவுரை தவறாது காதில் விழும்: "நிறையைக் குறையுங்கள்." சீனி வருத்தம், இரத்த அழுத்தம், கொழுப்பு, முழங்கால் நோ என்று வருத்தம் எதுவாயினும் அறிவுரை ஒன்றே. அது சரியான அறிவுரைதான். ஆனால் சனம் நிறைந்த கிளினிக்கில், எப்படிக் குறைப்பது என்று விளக்க வைத்தியருக்கு நேரம் கிடைப்பதில்லை. வீடு திரும்புபவர் தமக்குத் தெரிந்த வழியைக் கைக்கொள்கிறார். இராச் சாப்பாட்டை நிறுத்துகிறார். அல்லது இரண்டு பிஸ்கட்டும் ஒரு தேநீரும் என்று முடித்துக்கொள்கிறார். மச்சம் கூடாதென்று மீனையும் முட்டையையும் விலக்குகிறார். மூன்று மாதத்தில் ஐந்தாறு கிலோ குறைகிறது. "நல்லா மெலிஞ்சிட்டீங்கள்" என்று அயலவரும் சொல்கின்றனர்.

கண்ணாடியின் முன் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். கன்னம் ஒட்டிவிட்டது. தோளும் புயமும் தொடையும் வற்றிவிட்டன. வயிறு மட்டும் பெரும்பாலும் இருந்தபடியே இருக்கிறது. கிணற்றடியில் வாளி தூக்கக் கை சோர்கிறது. பாயிலிருந்து எழும்ப நிலத்தில் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. தராசு காட்டிய அந்த ஐந்து கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதே.

தசை வறுமை

எமது உடலின் நிறை ஒரே பொருளால் ஆனதன்று. எலும்பு, நீர், உள்ளுறுப்புகள், தசை, கொழுப்பு ஆகிய யாவும் சேர்ந்ததே தராசில் தெரியும் இலக்கம். நடுத்தர வயதில் இவற்றுள் அதிகம் மாறுபவை இரண்டு. கொழுப்புக் கூடுகிறது, தசை குறைகிறது. முப்பது வயதைக் கடந்த பின்னர் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அறுபதுக்குப் பின் இந்தக் குறைவு வேகமடைகிறது. ஒன்று கூடி மற்றொன்று குறைவதால் தராசின் இலக்கம் மாறாமலே பல ஆண்டுகள் நிற்கவும் கூடும். "கலியாணம் முடித்த காலத்து நிறைதான் இப்பவும்" என்று பெருமைப்படுபவரின் உள்ளே இந்த மாற்றம் சத்தமின்றி நடந்துகொண்டிருக்கலாம்.

1989ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவரான இர்வின் ரோசன்பேர்க் என்பவர் இந்நிலைக்குச் "சார்க்கோபீனியா" என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் "சார்க்ஸ்" என்றால் ஊன், தசை. "பெனியா" என்றால் வறுமை. தமிழில் நேரடியாகத் "தசை வறுமை" எனலாம். வறுமை ஒழிப்பைப் பற்றி எத்தனையோ கூட்டங்கள் வைக்கும் நாம், எமது தோலுக்குக் கீழேயுள்ள இந்த வறுமையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

தசை எதற்கு என்று கேட்கலாம். வேலை செய்ய என்பது எல்லோரும் அறிந்த விடை. அதற்கு மேலும் மூன்று காரியங்கள் உண்டு.

முதலாவது, சாப்பிட்ட பின் இரத்தத்தில் சேரும் சீனியின் பெரும் பங்கை இன்சுலின் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் தசையே. களஞ்சியம் சிறுத்தால் நெல் வெளியில் கிடப்பது போல, தசை குறைந்தால் சீனி இரத்தத்திலேயே தங்கிவிடும். இரண்டாவது, கடும் காய்ச்சல், சத்திரசிகிச்சை, விபத்து என்று உடல் நெருக்கடிக்குள்ளாகும்போது, காயத்தை ஆற்றவும் கிருமியை எதிர்க்கவும் வேண்டிய புரதத்தை அது தசையிலிருந்தே எடுக்கிறது. இருப்பு இல்லாதவர் தேறி எழும்ப நாட்செல்லும். மூன்றாவது, முதுமையில் எம்மை விழாமல் தாங்குவது தசை; எலும்பை உறுதியாக வைத்திருப்பதும் தசையின் இழுவையே. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியே வாழும் பெற்றோர் எமது கிராமங்களில் எத்தனை பேர்? அவர்களுள் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வீட்டின் வாழ்வே மாறிவிடும்.

மெலிந்த கைகால், பருத்த வயிறு

தெற்காசிய மக்களாகிய எமக்கு இதில் தனியானதொரு பிரச்சினை உண்டு. 2004ஆம் ஆண்டில் "லான்செற்" என்னும் மருத்துவச் சஞ்சிகையில் இரு மருத்துவர்கள் தமது படத்தையே வெளியிட்டனர். ஒருவர் இந்தியாவின் பூனே நகரைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கின். இருவரதும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றே: 22.3. (கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது இச்சுட்டி.) ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதமும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தன. தராசுக்கும் சுட்டிக்கும் ஒன்றாகத் தெரிந்த இரு உடல்கள் உள்ளே வெவ்வேறாக இருந்தன.

எமது மக்களிடையேயும் இது தெரிந்திருக்கிறது. 2000 தொடக்கம் 2002 வரையான காலத்தில் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இலங்கை, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களை ஆராய்ந்தார்கள். அங்குள்ள இலங்கையரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஒரே உடற்திணிவுச் சுட்டி உடையவர்களை ஒப்பிட்டபோது, இலங்கையருக்கும் பாகிஸ்தானியருக்கும் ஏனையோரைவிட இடுப்புச் சுற்றளவைச் சார்ந்த இடைச் சுற்றளவு கூடுதலாக இருந்தது. அதாவது, எமது கொழுப்பு வயிற்றைத் தேடிச் சேர்கிறது. வயிற்றின் உள்ளே ஈரலையும் குடலையும் சூழ்ந்து சேரும் இக்கொழுப்பே சீனி வருத்தத்துக்கும் மாரடைப்புக்கும் வழிகாட்டுவது.

ஆகவேதான் எம்மவர்க்கு எல்லைகளும் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல், ஆசிய மக்களுக்குச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்றது. இடைச் சுற்றளவு தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டலாகாது.

நாடு போகும் திசையும் கவலைக்குரியது. 2005–06இல் இலங்கையில் நடந்த பெரிய ஆய்வு, வளர்ந்தோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டென்றது. அந்நாளில் வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. நாடு முழுவதையும் உள்ளடக்கி 2018–19இல் நடந்த ஆய்வு ஐந்தில் ஒருவர் என்றது.

துலா நின்றதும் தொடங்கியது

எமது முன்னோர் உடற்பயிற்சி என்று ஒன்றைத் தனியே செய்யவில்லை. செம்மண் தோட்டங்களில் ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, மற்றவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற, இன்னொருவர் பாத்தி மாறித் தண்ணீர் கட்டினார். மண்வெட்டியால் கொத்துவது, எருக் கூடையைத் தலையில் சுமப்பது, கரைவலை இழுப்பது, பனை ஏறுவது யாவும் உடலின் பெருந்தசைகளுக்குப் பாரம் கொடுத்த வேலைகள். வீட்டில் பெண்கள் உரலில் மாவிடித்தனர், அம்மியில் அரைத்தனர், ஆட்டுக்கல் சுற்றினர், கிணற்றில் அள்ளினர்.

1950களிலிருந்து நீரிறைக்கும் இயந்திரம் துலாவின் இடத்தைப் பிடித்தது. பின்னர் லான்ட்மாஸ்டர் மண்வெட்டியின் வேலையை எடுத்தது. வெளியிணைப்பு இயந்திரம் துடுப்பை எடுத்தது. மாவரைக்கும் ஆலையும் கிரைண்டரும் உரலையும் ஆட்டுக்கல்லையும் எடுத்தன. 1990களின் முற்பகுதியில் மின்சாரமும் எரிபொருளும் இன்றிக் குடாநாடு தவித்த ஆண்டுகளில் சைக்கிளே எமது வாகனமாகவும் பார வண்டியாகவும் இருந்தது. இன்று சந்திக்கடைக்குப் போகவும் ஸ்கூட்டரும் ஓட்டோவும் வேண்டும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எவரும் நினைக்கத் தேவையில்லை. துலா மிதித்தவருக்கு ஓய்வில்லை. மாவிடித்த தாய்க்கு நடு நோவு இருந்தது. யுத்த காலத்துச் சைக்கிள் பயணம் எவரும் விரும்பி ஏற்றதன்று. இயந்திரம் வந்தது நல்லதே. ஆனால் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தபோது, அந்த வேலை எமது தசைக்குச் செய்துவந்த உதவியும் அதனோடு போய்விட்டது. அதற்கு ஈடாக எதையும் நாம் வைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையின் அளவு மட்டும் துலா மிதித்த காலத்து அளவாகவே இருக்கிறது.

"வயது போனால் உடல் எரிக்கும் சக்தி குறைந்துவிடும், அதனால்தான் வயிறு வைக்கிறது" என்று பலர் சமாதானம் சொல்வதுண்டு. 2021இல் "சயன்ஸ்" சஞ்சிகையில் வெளியான ஆய்வு, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் அதிகமானோரின் சக்திச் செலவை ஆராய்ந்தது. உடலின் அளவையும் தசையின் அளவையும் கணக்கிலெடுத்துப் பார்த்தால், இருபது வயதிலிருந்து அறுபது வயது வரை சக்திச் செலவு ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது என்று அது கண்டது. ஆகவே நாற்பத்தைந்து வயது வயிற்றுக்கு வயதின் மீது பழி போட முடியாது.

பட்டினி ஏன் தோற்கிறது?

1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வை நடத்தினார். மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், போரினால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவூட்டுவது என்று அறிவதற்காகத் தாமே முன்வந்து 24 வாரங்கள் அரைப் பட்டினி இருந்தனர். நிறையில் ஏறக்குறைய காற்பங்கு குறைந்தது. கொழுப்புடன் தசையும் கரைந்தது. மீண்டும் உணவு கிடைத்தபோது கொழுப்பு முதலில் விரைந்து திரும்பியது, தசை பின்தங்கியது. பட்டினியால் நிறையைக் குறைத்து, பின் அலுத்து, மீண்டும் பழையபடி உண்பவர் ஒவ்வொரு சுற்றிலும் தசையைக் கொடுத்துக் கொழுப்பை வாங்கும் ஆபத்து இங்கேதான் உள்ளது. தவக்கால ஒறுத்தலும் கந்தசஷ்டி விரதமும் வேறு. அவை உள்ளத்தின் பொருட்டு, ஒரு வரையறைக்குள் செய்யப்படுபவை. அவற்றை நிறை குறைக்கும் வைத்தியமாக்குவது பொருத்தமன்று.

நடப்பது மட்டும் போதுமா? 2017இல் அமெரிக்காவில், பருமனான 160 முதியவர்களைக் கொண்டு ஆறு மாதம் நடத்திய ஆய்வு இதற்கு விடை தருகிறது. மூன்று குழுவினர் உணவைக் கட்டுப்படுத்தினர். ஒரு குழு நடை போன்ற பயிற்சியும், மற்றொன்று பாரம் தூக்கும் பயிற்சியும், மூன்றாவது இரண்டும் சேர்த்தும் செய்தன. மூன்றிலும் நிறை ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்தது. தராசுக்கு மூன்றும் ஒன்றே. ஆனால் தசை முதலிய கொழுப்பல்லாத பகுதி, நடைப்பயிற்சி மட்டும் செய்த குழுவில் 5 சதவீதம் குறைய, பாரம் தூக்கிய குழுவில் 2 சதவீதமும் இரண்டும் செய்த குழுவில் 3 சதவீதமுமே குறைந்தது. உடலின் செயற்திறன் மிகவும் கூடியது இரண்டும் செய்தவர்களுக்கே.

தமிழகத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் அவதானித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவையும் நடமாட்டத்தையும் திருத்திக்கொண்டவர்களிடையே நீரிழிவுக்கு ஆளாவது ஏறக்குறைய 28 சதவீதத்தால் குறைந்தது. அவர்களது நிறையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை! தராசு அசையவில்லை என்று மனம் தளர்ந்து நல்ல பழக்கத்தைக் கைவிடுபவர்கள் இதை நினைவிற்கொள்வது நல்லது.

இன்று வெளிநாட்டு உறவினர் நிறை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் சொல்கின்றனர். அவை பயனுள்ள மருந்துகளே. ஆனால் அவற்றாலும் கொழுப்போடு தசையும் குறைகிறது. வைத்தியரின் கண்காணிப்பின்றி அவற்றை எடுக்கலாகாது; எடுப்பவருக்கும் கீழே சொல்லப்படுபவை பொருந்தும்.

செய்ய வேண்டியவை மூன்று

1. வெட்ட வேண்டிய இடத்தில் சிறிதாக வெட்டுதல்

கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைக்க முற்பட வேண்டாம். உடல் நிறையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை, ஆறு மாதத்தில் குறைந்தாலே சீனிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நற்பயன் தெரியும். இதற்காக ஒரு வேளையைக் கைவிட வேண்டியதில்லை. தேவையற்ற இடத்தில் வெட்டினால் போதும்.

தேநீரை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஏறக்குறைய 50 கிராம் சீனி, 200 கலோரி. இதில் எந்தச் சத்தும் இல்லை. பணிஸ், றோல்ஸ், பிஸ்கட் என்று இடையிடையே சேர்வது இன்னொரு 200. கால் போத்தல் சாராயத்தில் 300 கலோரிக்கு மேல் உண்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அது நல்லெண்ணெயானாலும் தேங்காயெண்ணெயானாலும், 120 கலோரி. சோறு, பிட்டு, இடியப்பம், பாண் என்பவற்றில் மூன்றிலொரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தைக் கீரையாலும் மரக்கறியாலும் பருப்பாலும் நிரப்பலாம். முதற்பால் சொதியை நாளாந்தம் வைக்காமல் கிழமையில் இரண்டொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. ஒவ்வொரு வேளையிலும் புரதம்

தசைக்குக் கல்லும் சீமெந்தும் போன்றது புரதம். நடுத்தர வயதில், நிறையைக் குறைக்கும் காலத்தில், ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ உடையவருக்கு 60 முதல் 72 கிராம். எமது வழமையான சாப்பாட்டில் குறைவு இங்கேதான். காலையில் இடியப்பமும் சொதியும், இரவில் பிட்டும் சம்பலும் என்றால் அவற்றில் புரதம் சொற்பம். மத்தியானம் மட்டுமே மீனோ பருப்போ வருகிறது. அதையும் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறிய பின் மிஞ்சியதிலேயே உண்கின்றனர்.

விலை கூடிய மாவுப் பேணிகள் எதுவும் வேண்டாம். எமது சந்தையில் கிடைப்பவற்றின் கணக்கைப் பாருங்கள். அவித்த பயறு ஒரு கோப்பையில் 14 கிராம். ஒரு முட்டையில் 6. மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20. கறியாக்கிய பருப்பு அரைக் கோப்பையில் 8. ஒரு பிடி கச்சானில் 7. ஒரு கோப்பை பசுப்பாலில் 7 அல்லது 8. சோயா மீற் உலர்ந்த நிலையில் பாதி புரதமே. சூடை, நெத்தலி போன்ற சிறு மீன்கள் மலிவானவை. முள்ளோடு உண்பதால் சுண்ணச்சத்தும் சேரும். கருவாடு என்றால் உப்பை நன்கு ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

ஒரு நாளுக்கு இப்படி அமைக்கலாம்: காலையில் அவித்த பயறு அல்லது கௌபி ஒரு கோப்பை, சிறிது தேங்காய்ப்பூவுடன். மத்தியானம் அளவான சோறு, மீன், பருப்பு, முருங்கையிலை வறை. பின்னேரம் ஒரு பிடி கச்சான் அல்லது அவித்த கடலை. இரவில் குரக்கன் பிட்டு சிறிதளவு, ஒரு முட்டை அல்லது சோயாக் கறி, ஒரு கோப்பை பால் அல்லது தயிர். இது 60 கிலோ உடையவரின் தேவையை நிரப்பும். சைவ உணவினர் மீனுக்குப் பதிலாகப் பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். உழுந்தும் அரிசியும் சேர்ந்த தோசையும், மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை யாவும் சேரும் ஒடியற்கூழும் எமது முன்னோரின் நல்ல கலவைகள்.

3. தசைக்குப் பாரம்

புரதம் பொருளைத் தரும். கட்டும்படி தசைக்குக் கட்டளை தருவது பாரமே. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, வளர்ந்தோர் கிழமைக்கு 150 நிமிடங்களாவது வேகமாக நடப்பது போன்ற நடமாட்டம் செய்யவேண்டும் என்பதுடன், இரண்டு நாட்களாவது பெருந்தசைகளை வலுப்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. முதற்பகுதியைப் பலரும் அறிவர். இரண்டாவது பகுதி எமது கிராமங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதற்கு வேண்டியவை வீட்டிலேயே உள்ளன.

(அ) கதிரை: கையை மார்பில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பி மெதுவாக அமருங்கள். இது தொடைக்கும் இடுப்புக்கும்.

(ஆ) சுவர்: ஒரு கை நீளம் தள்ளி நின்று இரு கைகளையும் சுவரில் ஊன்றி, உடலைச் சாய்த்துத் தள்ளி நிமிருங்கள். பழகியதும் சுவருக்குப் பதிலாகத் திண்ணை விளிம்பைப் பிடிக்கலாம். இது மார்புக்கும் புயத்துக்கும்.

(இ) படி: வாசற்படியில் ஒரு காலால் ஏறி இறங்குங்கள், பின் மறுகால்.

(ஈ) வாளி: அரைவாளி தண்ணீரை நிலத்திலிருந்து முழங்கால் மடித்து, முதுகை வளைக்காமல் தூக்கி, இருபதடி நடந்து வையுங்கள்.

(உ) குதிக்கால்: சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குங்கள்.

ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று, கிழமையில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு விட்டுச் செய்ய வேண்டும். மூச்சை அடக்கலாகாது. பன்னிரண்டாவது தடவையும் இலகுவாக இருந்தால் பாரத்தைக் கூட்டுங்கள்: அரைவாளி முக்கால் வாளியாகட்டும், கதிரையிலிருந்து எழும்பும்போது கையில் ஒரு மண் பை இருக்கட்டும். பாரம் படிப்படியாகக் கூடாவிட்டால் தசையும் கூடாது.

"இந்த வயதில் இனி என்ன தசை?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த தொண்ணூறு வயதை அண்டிய பத்துப் பேருக்கு, எட்டு வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தனர். முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பும் 9 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடிந்தது ஐம்பதில் முடியாதா?

தோட்டத்திலும் கடலிலும் உண்மையாகவே பாரவேலை செய்பவர்களுக்கு மேலதிகப் பயிற்சி அவ்வளவு தேவையில்லை. அவர்களுக்குக் குறைவது புரதமும் உறக்கமுமே. ஆனால் மோட்டர் ஆளியைப் போட்டுவிட்டு வரம்பில் நிற்பது பாரவேலை ஆகாது.

நாடாவும் கதிரையும்

தராசை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அதைவிட நம்பத்தக்க கருவி தையற்காரரின் அளவு நாடா. மாதத்தில் ஒரு நாள் இரண்டு அளவுகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒன்று, வயிற்றை எக்காமல் தொப்புளை அண்டிய இடைச் சுற்றளவு. மற்றொன்று, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்துச் சுற்றளவு. முதலாவது குறைந்து இரண்டாவது குறையாதிருந்தால் நீங்கள் சரியான பாதையில் செல்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சாப்பாட்டில் புரதம் போதாது, அல்லது பாரம் போதாது, அல்லது மிக விரைவாகக் குறைக்கிறீர்கள். ஆசிய நாடுகளின் நிபுணர் குழுவொன்று 2019இல், கெண்டைக்கால் ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் தசை வறுமையைச் சந்தேகிக்கும்படி கூறியது. அதே குழு கூறிய இன்னொரு சோதனை: கை ஊன்றாமல் கதிரையிலிருந்து ஐந்து முறை எழும்பி அமர 12 செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் கவனிக்க வேண்டும்.

அவதானம்

சீனிக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் தாமாகவே சாப்பாட்டைக் குறைத்தால் சீனி சடுதியாக இறங்கி மயக்கம் வரலாம். வைத்தியருடன் பேசி மருந்தின் அளவை மாற்றிய பின்பே தொடங்க வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் கேட்க வேண்டும். நெஞ்சு நோ, மூச்சு வாங்குதல் உள்ளவர்கள் பயிற்சிக்கு முன் தம்மைக் காட்ட வேண்டும். எந்த முயற்சியும் செய்யாமல் நிறை குறைந்தால் அது மகிழத்தக்கதன்று. கட்டுப்பாடற்ற சீனி, சயரோகம், புற்றுநோய் ஆகியவற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். உடன் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இது தனியொருவரின் மனவுறுதியால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று. வீட்டில் சமைப்பவர் ஒருவர், உண்பவர் பலர். சங்கக் கூட்டத்தில் சீனித் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டு சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பெண்கள் அச்சமும் கூச்சமும் இன்றி நடப்பதற்கு இடமும் துணையும் வேண்டும். தனியே வாழும் முதியவருக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது; அவரைக் கதிரையிலிருந்து பத்துமுறை எழுப்பிவிட ஒருவர் கிழமைக்கு இருமுறை போக வேண்டும். அந்தப் பத்து முறையே அவர் நாளை தன் கிணற்றடிக்குத் தானே நடந்து போவதற்கான முதலீடு.

குழுக்களில் கலந்துரையாட:

1. எமது வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவரது கோப்பையில் மீனோ பருப்போ முட்டையோ எவ்வளவு இருக்கிறது?

2. எமது சங்கக் கூட்டங்களிலும் விழாக்களிலும் தேநீர், பலகாரத்துக்குப் பதிலாகப் பயறு, கடலை, கச்சான் கொடுக்க முடியுமா? யார் பொறுப்பெடுப்பது?

3. சனசமூக நிலையத்தில் ஓர் அளவு நாடாவையும் ஒரு கதிரையையும் வைத்து, மாதம் ஒருமுறை நாற்பது வயதைத் தாண்டியவர்களை அளந்து பதிவு செய்ய எமது கிராமத்தில் இரண்டு இளைஞர்கள் முன்வருவார்களா?

4. எமது ஒழுங்கையில் தனியே வாழும் முதியவர்கள் எத்தனை பேர்? அவர்களிடம் கிழமைக்கு இருமுறை போகக்கூடியவர் யார்?